பிரசங்க பீடத்திலிருந்து ஒலிவாங்கிக்கு: ஆலன் வாட்ஸின் வாழ்வும் வானொலிப் பணியும்

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குரு ஒருவர் தம் குருப்பணியைத் துறந்தார். அவர் சார்ந்திருந்த எபிஸ்கோப்பல் திருச்சபை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் நன்கறிந்த ஆங்கிலிக்கன் திருச்சபைக் குடும்பத்தைச் சேர்ந்தது. துறந்தவருக்கு வயது முப்பத்தைந்து. கையில் நிலையான வேலை இல்லை. பிரித்தானியப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லை. மூன்றாண்டுகள் கழித்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஊதியமேதும் தராத சிறு வானொலி நிலையம் ஒன்றில் அவர் பேசத் தொடங்கினார். அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்தக் குரல் இன்னும் ஒலிபரப்பாகிறது. ஆலன் வாட்ஸ் என்னும் அந்த மனிதரின் வாழ்வையும், பேச்சுத் தமிழையும் எழுத்துத் தமிழையும் நாள்தோறும் கையாளும் நம் ஆசிரியர்களும் மாணவர்களும் அதில் கவனிக்கத் தக்கவற்றையும் இக்கட்டுரையில் காண முயல்வோம்.

வாட்ஸ் 1915ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் இங்கிலாந்தில் அன்று கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிசில்ஹர்ஸ்ட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை மிஷ்லின் டயர் நிறுவனத்தில் பணியாற்றியவர். தாய், சமயப் பரப்பாளர் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியை. அத்தாயிடம் பயின்ற பிள்ளைகளின் பெற்றோர் பலர் சீனாவில் சமயப் பணியாற்றியவர்கள். நாடு திரும்பும்போது அவர்கள் கொண்டுவந்து பரிசளித்த சீன ஓவியங்களும் பூத்தையல் துணிகளும் அந்த வீட்டை அணிசெய்தன. மூடுபனிக்குள் பாதி மறைந்த மலை, அதன் அடியில் ஒரு மூங்கில் புதர் என்ற அந்த ஓவிய உலகம் சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது. கிறித்துவத்தைச் சீனர்க்குக் கொண்டு சென்றவர்கள், தம்மை அறியாமலே சீனத்தை ஓர் ஆங்கிலச் சிறுவனிடம் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்.

படிப்பு, கேன்டர்பரி பேராலயத்தை ஒட்டி அமைந்த கிங்ஸ் பள்ளியில். ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயரது ஆலயம் அது. அந்நிழலில் இருந்துகொண்டே, பதினைந்து பதினாறு வயதில் அம்மாணவர் தம்மைப் பௌத்தர் என்று அறிவித்துக்கொண்டார். இலண்டனில் வழக்கறிஞர் கிறிஸ்மஸ் ஹம்ஃப்ரீஸ் நடத்திய பௌத்த சங்கத்தில் சேர்ந்து, பதினாறாம் வயதிலேயே அதன் செயலாளரானார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான உதவித்தொகைத் தேர்வில் அவர் எழுதிய கட்டுரையின் நடை தேர்வாளர்களுக்கு ஆணவமாகத் தோன்றியது, வாய்ப்புப் போயிற்று. அச்சகத்திலும் வங்கியிலும் வேலை பார்த்துக்கொண்டே தாமே படித்தார். 1936இல், இருபத்தொரு வயதில், ஜென் பௌத்தம் குறித்த முதல் நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் இலண்டனில் நடைபெற்ற உலகச் சமயங்களின் மாநாட்டில் ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகியை நேரிற் கண்டார். தேர்வுத்தாளில் தோற்ற அதே துணிச்சலான நடைதான் பிற்காலத்தில் வானொலியில் வென்றது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் நம் மாணவர்கள் இதைத் தேர்வுக் கூடத்திற்குள் முன்னுதாரணமாகக் கொள்ள வேண்டாம்.

1938இல் திருமணமாகி நியூயார்க் சென்றார். அங்கே ஜென் பயிற்சி பெற முயன்றார். அதன் கட்டுப்பாடான ஆசிரிய மாணவ முறை அவருக்கு ஒத்துவரவில்லை. 1941இல் இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் அன்று இருந்த சீபரி-வெஸ்டர்ன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். பௌத்தர் என்று பெயரெடுத்தவர் கிறித்துவக் குருவாக முனைந்தது ஏன்? பிழைப்புக்காக என்று சிலர் கூறுவர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் கிறித்துவ வழிபாட்டின் இசை, நறும்புகை, சடங்கின் அழகு ஆகியவற்றில் அவருக்கு இருந்த ஈடுபாடு போலியன்று. எல்லாச் சமயங்களின் ஞானிகளும் கண்ட உள்ளொளி ஒன்றே எனவும், அதைத் தம் மண்ணின் மொழியாகிய கிறித்துவத்தின் வாயிலாகவே மேலை மக்களுக்குச் சொல்லலாம் எனவும் அவர் நம்பினார். இவ்வெண்ணமே 1947இல் வெளிவந்த அவரது இறையியல் நூலின் உள்ளீடு.

1940களின் நடுப்பகுதியில் குருப்பட்டம் பெற்று, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர்களுக்கான குருவாக நியமிக்கப்பட்டார். மாணவர்கள் திரண்டனர். ஞாயிறு வழிபாட்டுக்கு வந்தவர்களைவிட, அவருடைய இல்லத்தில் இரவு நெடுநேரம் நீண்ட உரையாடலுக்கு வந்தவர்களே அவரை அதிகம் நினைவில் வைத்திருந்தனர் எனலாம். இளைஞர்கள் கேட்கும் முரட்டுக் கேள்விக்குச் சட்டென்று எளிய உவமை சொல்லி விடைகூறும் பயிற்சி அவருக்கு அங்கேதான் வாய்த்தது. பிற்கால வானொலி உரைகளின் பட்டறை அவ்வீட்டு முன்னறையே.

இக்காலத்தில் அவர் ஊன்றிப் படித்தவர்களுள் ஒருவரை நாம் தனித்துக் குறிப்பிட வேண்டும். அவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர்; ஈழத்தமிழ்ப் பெருமகனார் சர் முத்துக்குமாரசுவாமியின் மகன்; அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்தில் பல்லாண்டு பணியாற்றி 1947இல் மறைந்தவர். தில்லைக் கூத்தனின் திருநடனத்தை மேலை உலகம் கலையாகவும் தத்துவமாகவும் காணச் செய்த கட்டுரையை எழுதியவர் அவரே. கிறித்துவச் சடங்குகளையும் வேதாந்தத்தையும் ஒப்பிட்டு வாட்ஸ் எழுதிய நூல்களில் குமாரசுவாமியின் சிந்தனை வெளிப்படையாகவே இடம்பெறுகிறது. உலகம் இறைவனின் ஆடல், அவனே தன்னை மறைத்துக்கொண்டு தானே தேடும் கண்ணாமூச்சி விளையாட்டு என்று வாட்ஸ் வானொலியில் பேசியபோது அமெரிக்க நேயர்கள் வியந்தனர். ‘மறைத்தல்’ என்பதை இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாகவே எண்ணிப் பழகிய தமிழ்ச் சைவ மரபினருக்கு அதில் வியப்பு குறைவு, உறவு அதிகம்.

குருப்பணியை அவர் துறந்த கதைக்கு இரண்டு முகங்கள் உண்டு. முதலாவது, கொள்கை. கிறித்துவம் ஒன்றே மெய்ந்நெறி என்னும் உரிமைக் கோரிக்கையை ஏற்க இயலாத நிலைக்கு அவர் வந்திருந்தார். தம் விலகலுக்கான காரணத்தை விளக்கி நண்பர்களுக்கு ஒரு நீண்ட மடலும் எழுதினார். இரண்டாவது, இல்லறம். முதல் மனைவி அவரைவிட்டுப் பிரிந்தார். அத்திருமணம் செல்லாது என அறிவிக்கப்பட்டது. 1950இலேயே அவர் மறுமணம் செய்துகொண்டார். மடல் முதற்காரணத்தையே பெரிதும் பேசுகிறது. இரண்டாவது இல்லாதிருந்தால் முதலாவது அவ்வாண்டிலேயே முற்றியிருக்குமா என்று ஐயுறுவதில் தவறில்லை. மனிதர் தம் முடிவுக்கு உயர்ந்த காரணத்தையே முன்னிறுத்துவது இயல்பு. அதற்காக அவ்வுயர்ந்த காரணம் பொய்யாகிவிடாது.

நியூயார்க் மாநிலத்தின் மில்புரூக் அருகே ஒரு பண்ணை வீட்டில் தங்கி, நிலையின்மையை ஏற்று வாழ்வது பற்றிய நூலை எழுதினார். வேலையும் வீடும் பட்டமும் நிலையாக இல்லாத ஒருவர் எழுதிய நூல் என்பதை மனத்திற்கொண்டு படித்தால் அதன் சுவை கூடும். 1951இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் புதிதாகத் தொடங்கப்பட்ட அமெரிக்க ஆசியவியல் கழகத்தில் ஆசிரியப் பணி கிடைத்தது. அழைத்தவர் ஃபிரெடெரிக் ஸ்பீகல்பெர்க். 1949இல் இந்தியா வந்து புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தரையும் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியையும் கண்டு திரும்பிய பேராசிரியர். அரவிந்த நெறியைப் பின்பற்றிய வங்காள அறிஞர் ஹரிதாஸ் சௌதுரியும் அக்கழகத்தில் கற்பித்தார். புதுச்சேரியிலிருந்தும் கியோத்தோவிலிருந்தும் வந்த கருத்துகள் ஒரே மேசையில் அமர்ந்து பேசிக்கொண்ட இடம் அது. பணம் மட்டும் என்றும் போதவில்லை.

இனி வானொலிக்கு வருவோம். பெர்க்லியின் கே.பி.எஃப்.ஏ. நிலையம் 1949 ஏப்ரல் 15ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியது. நிறுவியவர் லூயிஸ் ஹில். இரண்டாம் உலகப் போரில் மனச்சான்றின்படி ஆயுதமேந்த மறுத்தவர். விளம்பரம் கூடாது, அரசுப் பணம் கூடாது, நேயர்கள் தரும் சந்தாவிலேயே நிலையம் நடக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்க வானொலி வரலாற்றில் இது புதிது. அன்றோ பண்பலைப் பெட்டி பல வீடுகளில் இல்லை. பண நெருக்கடியால் 1950இல் நிலையம் மூடப்பட்டு, நேயர்களின் முயற்சியால் அடுத்த ஆண்டு மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே கவிஞர் கென்னத் ரெக்ஸ்ராத் நூல்களைப் பற்றிப் பேசினார். பின்னாளில் புகழ்பெற்ற பாலின் கேல் திரைப்படங்களைப் பற்றிப் பேசினார். பேசியவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் கருத்துக்குத் தடையும் இல்லை.

இந்நிலையத்தில் 1953இல் வாட்ஸ் தம் முதல் தொடரைத் தொடங்கினார். ஆசியாவின் பெருநூல்களை அறிமுகப்படுத்துவது அதன் நோக்கம். பின்னர், மேற்கிற்கும் அப்பால் என்னும் பொருள்பட அமைந்த வேறொரு தொடர் வந்தது. வாரந்தோறும் பேசும் இப்பணி 1962 வரை நீடித்தது. பசிஃபிகா அமைப்பு லாஸ் ஏஞ்சலிஸிலும் நியூயார்க்கிலும் நிலையங்களைப் பெற்றபோது அவர் குரல் நாட்டின் இரு கரைகளுக்கும் சென்றது. 1957இல் வெளியான ஜென் நெறி பற்றிய நூல் பெரும் விற்பனை கண்டதற்கு, ஏற்கெனவே அவரது குரலைக் கேட்டுப் பழகிய நேயர் கூட்டமும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. 1959இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கே.க்யூ.இ.டி. கல்வித் தொலைக்காட்சியிலும் தோன்றினார். ஆயினும் அவர் வானொலிக்கே பிறந்தவர் என்பதே நம் கருத்து. தொலைக்காட்சியில் நாம் அவருடைய புருவத்தையும் கைகளையும் பார்க்கிறோம். வானொலியிலோ அவர் சொல்வதைப் பார்க்கிறோம்.

அவர் பேச்சு எப்படி அமைந்தது? முதலாவதாக, பிரசங்க பீடத்தின் பயிற்சி அதில் தெளிவாகத் தெரிகிறது. சொற்றொடர் எங்கே முடிய வேண்டும், எங்கே நிறுத்தி மௌனம் காக்க வேண்டும், எந்தச் சொல்லின்மேல் குரலை ஊன்ற வேண்டும் என்பதெல்லாம் வழிபாட்டு நூலை உரக்கப் படித்துப் பழகியவருக்கே கைவருவன. அதே வேளையில் பீடத்திற்குரிய ஒன்று அதில் அறவே இல்லை: கேட்பவரைத் திருத்தும் தொனி. ஆலயத்தில் அமர்ந்திருப்பவர் எழுந்து போகக் கூசுவார். வானொலி நேயரோ திருகைத் திருப்பிவிட்டால் ஆயிற்று. மிரட்டவும் முடியாது, கட்டாயப்படுத்தவும் முடியாது, ஆர்வமூட்டத்தான் முடியும். தம்மைச் சமய குரு என்று சொல்லாமல், தத்துவத்தைக் கொண்டு மகிழ்விப்பவர் என்றே அவர் அழைத்துக்கொண்டார். இடையிடையே எழும் அவருடைய அடித்தொண்டைச் சிரிப்பு அதற்குச் சான்று.

இரண்டாவதாக, உவமை. இசையை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். பாட்டு முடியும் இடத்தை அடைவதற்காகவா பாடுகிறோம்? அப்படியானால் விரைவாகப் பாடுபவரே சிறந்த பாடகர் ஆவார். பள்ளி, கல்லூரி, வேலை, பதவி உயர்வு என்று வாழ்வை ஓர் இலக்கை நோக்கிய பயணமாகவே எண்ணி ஓடுபவர், இடையில் பாட வேண்டியதையும் ஆட வேண்டியதையும் மறந்துவிடுகிறார் என்பது அவ்வுவமையின் பொருள். தேர்வு அட்டவணைக்குள் வாழும் நம் மாணவர்களுக்கு இது வேறெவரையும்விட நன்கு விளங்கும். மற்றொன்று: உணவகத்தில் உணவுப் பட்டியலை உண்ண முயல்பவரைப் பற்றியது. சொல் வேறு, பொருள் வேறு; ‘தண்ணீர்’ என்னும் சொல் தாகத்தைத் தணிப்பதில்லை. பணத்தைச் செல்வமென்றும், பெயரை ஆளென்றும், சமயச் சொற்களை மெய்ப்பொருளென்றும் நாம் மயங்குவதை இவ்வுவமையால் காட்டினார்.

மூன்றாவதாக, அயல்மொழிச் சொற்களை அவர் கையாண்ட முறை. இதுவே மொழியாசிரியர்க்கு மிகப் பயன்படுவது என எண்ணுகிறோம். சீனத் தாவோ மரபின் ‘வூ வெய்’ என்பதை அகராதிப்படி ‘செயலின்மை’ என்று சொன்னால் சோம்பல் என்றே பொருள்படும். அவர் அச்சொல்லை முதலில் அப்படியே ஒலித்துக் காட்டுவார். பிறகு, நீரோட்டத்தோடு சேர்ந்து நீந்துபவரையும், காற்றின் போக்கறிந்து பாய்விரிப்பவரையும் கண்முன் நிறுத்துவார். அதன் பின்னரே பொருள் கூறுவார். துடுப்புப் போடுவதும் செயல்தான், பாய்விரிப்பதும் செயல்தான். இரண்டாவதில் இயற்கையோடு மல்லுக்கட்டு இல்லை என்னும்போது நேயருக்குச் சொல் விளங்கிவிடுகிறது. முதலில் ஒலி, பிறகு காட்சி, கடைசியில் வரையறை. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் வரையறை முதலில் வந்து, காட்சி வராமலேயே மணி அடித்துவிடுகிறது.

இனிக் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அமர்ந்து பயிலும் தியானப் பயிற்சியை வாட்ஸ் குறைத்து மதிப்பிட்டார் என்று, 1965இல் ஜென் பயிற்சி பற்றி நூல் வெளியிட்ட ஃபிலிப் காப்லோ கண்டித்தார். ஜப்பானிய மடங்களில் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்களுக்கு, பயிலாமலே விளக்கம் சொல்லும் இந்த ஆங்கிலேயர்மேல் சினம் வந்ததில் நியாயம் உண்டு. மறுபுறம், சான் ஃபிரான்சிஸ்கோ ஜென் மையத்தின் ஆசிரியர் ஷுன்ரியு சுசுகி, தம் மாணவர் ஒருவர் வாட்ஸை இழித்துப் பேசியபோது அவரைத் தடுத்து, வாட்ஸ் ஒரு பெரிய போதிசத்துவர் என்று சொன்னதாகக் கூறுவர். எவர் சொன்னது சரி? வாயிலில் நின்று வழிகாட்டுபவரை, வீட்டுக்குள் வாழவில்லை என்று குறைகூறலாம். அவர் காட்டிய வழியில் பலர் உள்ளே சென்றனர் என்பதையும் மறக்கலாகாது. அச்சினங்கொண்டோரின் மடங்களுக்கு வந்த இளைஞர்களுள் பலர் வாட்ஸின் குரலையோ நூலையோ கேட்டும் படித்தும் வந்தவர்களே.

கடினமான குறை வேறு. இக்கணத்தில் நிறைவாக வாழ்வதைப் பற்றி இனிமையாகப் பேசியவர், இறுதி ஆண்டுகளில் மதுவுக்கு அடிமையாக இருந்தார். மூன்று திருமணங்கள், ஏழு பிள்ளைகள். தந்தையாகத் தாம் நன்கு நடந்துகொள்ளவில்லை என்பதை 1972இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அவரே ஒப்புக்கொள்கிறார். குடும்பத்தைக் காப்பதற்காக ஊர் ஊராகச் சென்று இடைவிடாது பேசினார். களைப்பு குடியை வளர்த்தது. 1986இல் அவர் வரலாற்றை எழுதிய மோனிகா ஃபர்லாங், உண்மையான போலி என்னும் பொருள்பட நூலுக்குப் பெயரிட்டார். கற்றாங்கு ஒழுகாதவரின் சொல்லைக் கேட்கலாமா என்று வகுப்பில் மாணவர் வினவினால் என்ன சொல்வது? தம்மைப் புனிதர் என்று வாட்ஸ் ஒருபோதும் காட்டிக்கொள்ளவில்லை. குருப்பட்டத்தைத் துறந்ததோடு அந்தப் பாசாங்கையும் துறந்தார் என்று நாம் விடைகூறுவோம். அவ்விடை அவர் பிள்ளைகளுக்குப் போதுமானதாக இருந்திருக்குமா என்பது வேறு வினா. அதையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

1960களில் அவர் சாசலிட்டோ துறையில் கட்டப்பட்டிருந்த ‘வலேஹோ’ என்னும் பழைய படகில் வாழ்ந்தார். அங்கே நடந்த கருத்தரங்குகள் நாடாவில் பதிவாகி வானொலி நிலையங்களுக்குச் சென்றன. 1970இல் கே.எஸ்.ஏ.என். என்னும் சான் ஃபிரான்சிஸ்கோ நிலையம் அவருடைய உரைகளை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஒலிபரப்பியது. இருபதாண்டுகளுக்கு முன் ஞாயிறு வழிபாட்டை விட்டு விலகியவர், அதே நாளில் அதே வேளையில் வீடுகளுக்குள் வந்தார். 1973 நவம்பர் 16ஆம் நாள், மியூர் வனத்தை அடுத்த துருயிட் ஹைட்ஸ் குடியிருப்பில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 58.

நாடாக்கள் எஞ்சின. அவர் மகன் மார்க் வாட்ஸ் அவற்றைத் திரட்டிப் பேணி வெளியிட்டார். 2013இல் வந்த ‘ஹெர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தில், கணினி அறிவுகள் ஒன்றுகூடி வாட்ஸை மீட்டுருவாக்கி அவரோடு உரையாடுவதாக ஒரு காட்சி வருகிறது. அன்று அது கற்பனை. இன்று இறந்தவரின் குரலை இயந்திரத்தால் போலச்செய்து, அவர் சொல்லாததையும் சொன்னதாகப் பரப்புதல் எளிதாகிவிட்டது. அவர் உண்மையாகவே பேசியவையும்கூடப் பின்னணி இசை சேர்க்கப்பட்டு, இரண்டு மூன்று நிமிடத் துண்டுகளாகவே கைப்பேசிகளில் உலவுகின்றன. அத்துண்டுகளில் வெட்டப்படுபவை பெரும்பாலும் மௌனங்களும், சிரிப்பும், தம் கூற்றைத் தாமே மறுத்துப் பார்க்கும் இடங்களுமே. ஆகவே அவரை வகுப்பில் அறிமுகப்படுத்த விரும்பும் ஆசிரியர்கள், வெட்டப்படாத முழு உரை ஒன்றைத் தேர்ந்து, எழுத்துப் படி எதையும் கையில் கொடுக்காமல், முதல் முறை கேட்க மட்டும் செய்வது நன்று. அவர் எந்த இடத்தில் நிறுத்துகிறார், அந்த நிறுத்தம் எத்தனை நொடி நீள்கிறது, அதற்குள் கேட்பவர் என்ன எண்ணிக்கொண்டார் என்பதை மாணவர்கள் இரண்டாம் முறை கேட்கும்போது குறித்துக்கொள்ளட்டும்.